பச்சை நம்பர் பிளேட், வளைந்த கத்தி

போன் அடித்தது.

சின்ராசு டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

அந்த போனுக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான். போடி ஜீப் ஸ்டாண்டில், தன் பழைய டீசல் ஜீப்பின் பானெட்டில் சாய்ந்தபடி... யாராவது கூப்பிடுவார்கள். 'அண்ணே, விஷயம் தெரியுமா? விஜயகுமார் வண்டி மெட்டு மலை ரோட்டுல கவுந்துருச்சாம்!' என்பார்கள். அவன் 'அய்யய்யோ!' என்று அலற வேண்டும்.

அந்த 'அய்யய்யோ'வை நேற்றே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

போனைப் பார்த்தான்.

காளீஸ்வரி!

பெண்டாட்டியா? இவளுக்கு எப்படி அதற்குள் தெரிந்தது? தொண்டையைச் சரி செய்துகொண்டு காதில் வைத்தான்.

"சொல்லு..."

"மாமா! எங்க இருக்கீங்க?" குரலில் சிரிப்பு வழிந்தது.

"ஸ்டாண்டுல. நீ கோடவுன்லதானே இருக்கே?"

காளீஸ்வரி ஒரு ஏலக்காய் வியாபாரியின் கோடவுனில் காய் ரகம் பிரிப்பவள். அந்த வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலை விட்டுப் போகாது.

"இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். பூப்பாறையில ஒரு சோலி இருந்துச்சு, வந்தேன். இப்ப போடிமெட்டுல டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம். குடிச்சுட்டு எறங்கிருவோம்."

"எறங்கிருவோமா? கூட யாரு?"

"விஜயகுமார் மச்சான். அவக வண்டியிலதான் வர்றேன்!"

டீ கிளாஸ் தரையில் விழுந்து தெறித்தது.

"எ... எந்த வண்டியில?"

"எந்த வண்டின்னா? கரண்டு வண்டியிலதான். சத்தமே இல்ல மாமா... தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு!"

"ஏறாதே!"

"என்னாது?"

"அந்த வண்டியில ஏறாதே! பஸ்சுல வா! ஜீப்புல வா! நடந்துகூட வா! அந்த வண்டியில மட்டும்..."

"ஏன் மாமா?"

ஏன்?

சின்ராசு வாயைத் திறந்தான். மூடினான். ஏன் என்று சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால்...

"காளி... அது வந்து..."

போன் செத்துப்போயிருந்தது.

மறுபடி அடித்தான். 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்...' என்று ஒரு பெண் நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். அவளுக்கு என்ன, அவளா மெட்டு இறங்கப் போகிறாள்?

சின்ராசு ஜீப்பில் பாய்ந்தான். சாவியைத் திருகினான். ஜீப் இருமியது, கறுப்புப் புகையைக் கக்கியது, கிளம்பியது.

"அண்ணே! டீக்குக் காசு?" என்று கடைக்காரர் கத்தியது காற்றோடு போயிற்று.

*

அவன் என்ன செய்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

விஜயகுமாரின் காரில் பிரேக் ஹோஸை அறுத்தான்!

முந்தாநாள். பட்டப்பகலில். விஜயகுமார் வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடு மாதிரி வண்டி ஒயரில் நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கம் ஆள் இல்லை. சின்ராசு கீழே எதையோ தவறவிட்டவன் போலக் குனிந்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். எஸ்டேட்டில் ஏலச் செடிக்குக் காய்ந்த தட்டை கழிக்கிற வளைந்த கத்தி, ஜீப்பில் எப்போதும் கிடக்கும். அதை வைத்து இரண்டு பக்கமும் ரப்பர் குழாயை அறுத்தான்.

முழுசாக இல்லை... பாதி!

லேசாக மிதித்தால் தாங்கும். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. மெட்டு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்தி மிதிப்பார்கள் பாருங்கள்... அப்போது பிய்த்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் அந்த மெட்டில் ஜீப் ஓட்டியவன் போட்ட கணக்கு. தப்பாது.

தப்பிவிட்டது!

நேற்று விஜயகுமார் மேலே போனான். சாயங்காலம் விசிலடித்துக்கொண்டே கீழே வந்தான். வண்டி மேல் ஒரு கீறல் இல்லை. "என்னண்ணே, முகம் வெளுத்துக் கெடக்கு? காய்ச்சலா?" என்று விசாரித்துவிட்டு வேறு போனான். சின்ராசுவுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

எப்படித் தப்பினான்? சாமி வந்து கை கொடுத்ததா?

சரி, நேற்றுத் தப்பினான். இன்றைக்குத் தப்ப மாட்டான் என்று காத்திருந்தபோதுதான்... காளீஸ்வரி போன் பண்ணினாள்.

*

ஜீப் மலையடிவாரத்து முந்தலை நோக்கிப் பறந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். பொறாமை. வயிற்றுக்குள் அடுப்பை மூட்டி வைத்த மாதிரியான பொறாமை.

விஜயகுமார் காளீஸ்வரிக்கு அத்தை மகன். முறைப்படி அவனுக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள். ஏதோ பேச்சு முறிந்து, சின்ராசுவுக்கு வாய்த்தாள். கல்யாணப் பந்தலில் விஜயகுமார்தான் ஓடி ஓடிப் பந்தி பரிமாறினான். அவன் முகத்தில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. அது சின்ராசுவுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

பிறகு அந்தக் கார் வந்தது.

பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. டாக்ஸி. ஸ்டாண்டே கூடி நின்று சிரித்தது. ரொம்பச் சத்தமாகச் சிரித்தவன் சின்ராசு.

"தம்பி, பாதி மெட்டுலயே டார்ச் லைட்டு மாதிரி மங்கிரும்டா! மேல இருந்து கயிறு கட்டித்தான் இழுக்கணும்!"

"அதெல்லாம் ஏறும்ணே."

"பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவ? இருக்கிற வீட்டை வித்துத்தான் மாத்தணும்!"

"வாரண்டி இருக்குண்ணே. வெலை கூடத்தான். ஆனா ரோடு டாக்ஸ் கெடையாது. ஆயில் மாத்துற சோலி கெடையாது. டீசல்..." விஜயகுமார் நிறுத்தி, பாவமாகப் பார்த்தான். "நீங்க இன்னிக்கு எவ்வளவுக்குண்ணே போட்டீங்க?"

அந்தப் பாவமான பார்வை! அதைத்தான் சின்ராசுவால் தாங்க முடியவில்லை.

கார் மெட்டு ஏறியது. தினமும் ஏறியது. சின்ராசு ஒரு நாளைக்கு டீசலுக்குக் கொட்டுகிற காசில் அவன் ஒரு வாரம் முழுக்க ஓட்டினான். கடைசியில், பத்து வருஷமாக சின்ராசு ஜீப்பில் ஏலக்காய் ஏலம் நடக்கிற சென்டருக்குப் போய் வந்த எஸ்டேட் முதலாளியே கட்சி மாறிவிட்டார்.

"கோவிச்சுக்காதே சின்ராசு. ஒன் ஜீப்புல வந்தா இடுப்பு கழண்டுருது. அந்தத் தம்பி வண்டியில ஏறினா தூக்கம் வருது."

அவர் அதோடு விட்டாரா? மேலே ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில், விஜயகுமார் சார்ஜ் போட்டுக்கொள்ள ஒரு லைனையே இழுத்துக் கொடுத்தார்!

போதாக்குறைக்கு ஒரு மாதமாக காளீஸ்வரியின் போன் அடிக்கடி அடிக்கிறது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். ஒரு நாள் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தான்.

'விஜி மச்சான்.'

அன்றைக்குத்தான் கத்தியைத் தீட்டினான்.

*

முந்தல் செக்போஸ்ட்டில் குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது.

"தெறப்பா! வெரசா!" ஹார்னை அழுத்தினான்.

காவலாளி திருப்பதி ஆடி அசைந்து வந்தான். "என்னண்ணே, ஆளும் இல்லாம லோடும் இல்லாம மேல போறீக?"

"அவசரம்! விஜயகுமார் வண்டி எறங்குச்சா?"

"இன்னும் எறங்கலையே. காலையில ஏறிச்சு. முன் சீட்டுல ஒரு பொம்பள இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பாணி..."

முன் சீட்டு!

சின்ராசுவுக்குக் காது மடல் சுட்டது. பின் சீட்டு என்ன, பிய்ந்தா கிடக்கிறது?

"கம்பியைத் தூக்குறியா இல்லையா?"

ஜீப் சீறியது. முதல் வளைவு. இரண்டாவது கியர். இன்ஜின் அலறியது. உஷ்ண முள் மேலே ஏறியது. அவனுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

'ஐயோ காளி... ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது...'

'அவளுக்கு அவன்கூடப் பூப்பாறையில என்ன சோலி?'

'மாரியாத்தா, அவளைக் காப்பாத்து...'

'முன் சீட்டுல எதுக்கு ஒக்காந்தா?'

வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. காற்று குளிர ஆரம்பித்தது. போடி ஊர் சின்னதாகத் தெரிந்தது.

அடுத்த வளைவில்... கூட்டம்!

ஏழெட்டுப் பேர். தடுப்புச் சுவரில் ஏறி, பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வீல் என்று கத்தினாள்.

சின்ராசுவின் இதயம் நின்றது. ஜீப்பும் நின்றது.

குதித்து ஓடினான். "காளீ...! காளீ...!"

கூட்டத்தை விலக்கிக் கீழே பார்த்தான். பாறை... புதர்... அதில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு...

தொப்பி!

"செல்ஃபி எடுக்கும்போது காத்துல பறந்துருச்சு அங்கிள்," என்றாள் கத்திய பெண். "நீங்க எறங்கி எடுத்துத் தர்றீங்களா?"

அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் சுவரிலிருந்து இறங்கிவிட்டாள்.

மறுபடி ஜீப். மறுபடி வளைவு. கண்ணில் தண்ணீர் முட்டியது. 'சாமி, அவ மட்டும் பொழச்சு வந்தா... நான் டீசலுக்கே பொறந்தவன்னு நெனச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு ஓட்டிட்டுக் கெடக்கிறேன்...'

அப்போதுதான் மேலே பார்த்தான்.

இரண்டு வளைவுக்கு அப்பால், வெள்ளை நிறத்தில், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

பச்சை நம்பர் பிளேட்!

*

சின்ராசு யோசிக்கவில்லை. ஜீப்பை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். மலைப்பக்கத்திலிருந்து பள்ளத்துப் பக்கம் வரை அடைத்து நின்றது. வந்து மோதட்டும். ஜீப் போனால் போகட்டும். பள்ளத்துக்குள் போவதைவிட ஜீப்பில் மோதுவது மேல்.

இறங்கிக் கையை ஆட்டினான். "நிறுத்து! நிறுத்து! பிரேக்கை மிதிக்காதே!"

நிறுத்து, ஆனால் பிரேக்கை மிதிக்காதே! அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

கார் வளைவில் திரும்பியது. வேகம் தானாகக் குறைந்தது... இன்னும் குறைந்தது... ஜீப்புக்கு ஒரு கஜம் முன்னால், பூனை வந்து உட்காருவது போல நின்றது.

கண்ணாடி இறங்கியது. விஜயகுமார் தலையை நீட்டினான்.

"என்னண்ணே, ஜீப்பு மக்கர் பண்ணிருச்சா?"

முன் சீட்டுக் கதவு திறந்தது. காளீஸ்வரி இறங்கினாள். முழுசாக. ஒரு கீறல் இல்லாமல். பச்சை நிறப் புதுச் சேலை. தலையில் மல்லிகை.

சின்ராசுவுக்கு உயிர் வந்தது. உயிரோடு கூடவே அடுப்பும் பற்றிக்கொண்டது.

"இந்தச் சேலையை எனக்காக ஒரு நாள் கட்டியிருக்கியாடி?"

"பார்த்தீங்களா மேடம்?" காளீஸ்வரி பின்னால் திரும்பிச் சிரித்தாள். "நான் சொன்னேன்ல? இது வெறும் பொறாமை. அதுக்குத்தான் மனுசன் ஜீப்பை எடுத்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் ஓடி வந்துருக்காரு!"

மேடமா?

பின் கதவு திறந்தது. முதலில் ஒரு பிரவுன் நிற ஷூ வந்தது. அப்புறம் காக்கி.

சப்-இன்ஸ்பெக்டர் பொற்கொடி!

போடியில் அவரைத் தெரியாத டிரைவர் கிடையாது. கூட்டம் ஏற்றிய ஜீப்பை நிறுத்தி, தொங்குகிற ஆள்களைக்கூட விடாமல் எண்ணி ஃபைன் போடுகிறவர்.

"மெட்டு செக்போஸ்ட்ல டூட்டி முடிஞ்சது. இந்தம்மா லிஃப்ட் குடுத்தாங்க," என்றார் பொற்கொடி. "ஏம்ப்பா, 'பிரேக்கை மிதிக்காதே'ன்னு கத்தினியே... எதுக்கு?"

"அது... ஈர ரோடு மேடம். வழுக்கும்னு..."

பொற்கொடி ரோட்டைப் பார்த்தார். அது அப்பளம் காயப்போடுகிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"அண்ணன் கவலைப்பட வேண்டாம்," விஜயகுமார் நல்ல பிள்ளையாகச் சொன்னான். "இந்த வண்டியில மெட்டு எறங்கும்போது நான் பிரேக்கைத் தொடுறதே இல்லண்ணே."

"எ... என்னது?"

"காலை எடுத்தாப் போதும், மோட்டாரே இழுத்துப் புடிச்சுக்கும். எறங்க எறங்க பேட்டரியில சார்ஜ் வேற ஏறும். ஏறும்போது செலவழிச்சதுல ஒரு பங்கு திரும்பக் கெடச்சுரும்! பிரேக் கட்டை அப்படியே புதுசா இருக்கு. நேத்துக்கூட மெட்டுல இருந்து முந்தல் வரைக்கும் பிரேக்குல கால் வைக்காமத்தான் எறங்கினேன்."

சின்ராசு மனசுக்குள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

ஏறுவதற்கு டீசல் செலவு மிச்சம். இறங்குவதற்குக் காசு திரும்ப வருகிறது. அவன் அறுத்த பிரேக்கை அந்தப் பாவி மிதிக்கவே இல்லை! டீசல் ஜீப்பில் உயிரைக் கொடுத்து மிதித்து மிதித்துப் பழகியவன், எல்லோரும் மிதிப்பார்கள் என்று நினைத்துவிட்டான்.

அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. இறங்கும்போதுகூட சம்பாதிக்கிறானே படுபாவி!

"சரி, அதெல்லாம் கெடக்கட்டும்." காளீஸ்வரி அவன் முன்னால் வந்து நின்றாள். "கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா!"

நீட்டினான். அவன் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். மஞ்சளும் குங்குமமும் தடவிய...

சாவி!

"இது நம்ம வண்டி மாமா!"

சின்ராசு சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"மச்சான் பெரிய வேன் எடுக்கப் போறாக. அதான் இதை நாம எடுத்துக்கிட்டோம். பேங்குல என் பேர்ல லோன் போட்டேன். முன்பணத்துக்கு என் நகை. போன வாரமே ஆர்.சி. மாத்தியாச்சு. நல்ல நாள் பார்த்து ஒங்க கையில குடுக்கலாம்னு இருந்தேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

போன வாரமே!

சின்ராசு அறுத்தது முந்தாநாள். தன் பெண்டாட்டியின் வண்டியைத்தான் அறுத்திருக்கிறான்!

"அப்ப... அந்த போனெல்லாம்...?"

"லோனு, ஆர்.டி.ஓ. ஆபீசுன்னு நூறு சோலி. அதுவுமில்லாம மச்சான்கிட்ட ஓட்டப் பழகினேன். ஒரு மாசமா." காளீஸ்வரியின் குரல் தழைந்தது. "தெனமும் டீசல் போட்டுட்டு வந்து சோத்துத் தட்டை வீசுவீங்க. அவன் அப்படி ஓட்டுறான், இப்படிச் சம்பாதிக்கிறான்னு தூக்கத்துலகூடப் பொலம்புவீங்க. எம்புட்டு நாள்தான் நான் பார்த்துக்கிட்டே இருக்கிறது? அதான்... ஏறுங்க. மொத மொத நீங்கதான் ஓட்டணும். நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."

ஓடிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டுப்பா," என்றார் பொற்கொடி. "நானும் பின்னால ஏறிக்கிறேன். ஜீப்பை விஜயகுமார் கொண்டாரட்டும்."

*

ஸ்டீயரிங் வழுவழுப்பாக இருந்தது. சின்ராசுவின் கை அதைவிட வழுவழுப்பாக, வேர்வையில் நனைந்திருந்தது.

விஜயகுமார் ஜீப்பை ஓரம் கட்டி வழி விட்டிருந்தான். எதிரே பள்ளம். கீழே இன்னும் ஏகப்பட்ட வளைவு. காலுக்குக் கீழே பாதி அறுந்த பிரேக்.

ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டும்.

"காளி, எனக்குக் கியர் இல்லாத வண்டி பழக்கமில்ல. இன்னொரு நாளைக்கு..."

"இதுல என்ன பழக்கம்? அமுக்கினாப் போகும், காலை எடுத்தா நிக்கும்."

"தலை சுத்துது..."

"மெதுவாப் போங்க. மொத வளைவு வரைக்கும். போதும்."

"நல்ல நேரம் தாண்டிருச்சு..."

"ஒண்ணேகால் வரைக்கும் இருக்கு. நான் பார்த்துட்டேன்."

கண்ணாடியில் பொற்கொடியின் கண்கள் தெரிந்தன. அவை இமைக்கவில்லை.

சின்ராசுவுக்குள் ஒரு திருட்டு யோசனை எழுந்தது. விஜயகுமார்தான் சொன்னானே... பிரேக்கே வேண்டாம்! காலை எடுத்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். ஊர் வரை போய்விடலாம். ராத்திரிக்குள் ஹோஸை மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வண்டியும் சொந்தம்! தப்பித்தோம்!

காலைத் தூக்கி வைத்தான்.

வலது கால் தானாகப் போய் பிரேக்கின் மேல் உட்கார்ந்தது.

எடுத்தான். மறுபடி அங்கேயே போயிற்று. இருபது வருஷப் பழக்கம்! இறக்கத்தில் வண்டி நகர்ந்தால் இந்தக் கால் யாரையும் கேட்காது. அழுத்தி மிதித்துவிடும். எதிரே ஒரு பஸ்சு வந்தால் போதும்...

பக்கத்தில் பார்த்தான்.

காளீஸ்வரி டாஷ்போர்டில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களில் ஏலக்காய் வாசனை. கழுத்தில் செயின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இதை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனான்?

"காளி... பெல்ட்டைக் கழட்டு."

"என்ன மாமா?"

"கழட்டிட்டு எறங்கு! இந்த வண்டியில பிரேக் இல்ல! நான்தான்... நான்தான் அறுத்தேன்!"

ஸ்டீயரிங் மேல் தலையைப் போட்டு ஓவென்று அழுதான்.

எங்கோ கீழே ஒரு பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது.

பின் சீட்டில் பொற்கொடி பெருமூச்சு விட்டார்.

"ஹோஸை காலையிலயே மாத்தியாச்சுப்பா."

சின்ராசு தலையைத் தூக்கினான்.

"என்னது?"

"வண்டியை ஒப்படைக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை முழுசாப் பார்த்துரணும்னு ஒன் சம்சாரம் பிடிவாதம் புடிச்சுப் பூப்பாறை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கு. மெக்கானிக் சேட்டன் சக்கரத்தைக் கழட்டினதும் பார்த்துட்டாரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிறை வெட்டு. ஏலத் தோட்டத்து வளைஞ்ச கத்தி, ஜீப்காரங்க வண்டியில கெடக்கிறது. மெட்டு செக்போஸ்ட்ல இருந்த எனக்கு போன் வந்துச்சு. ஜீப் ஸ்டாண்டுல ஒருத்தன்தான்னு அப்பவே தெரியும். அங்க விஜயகுமார் மேல ரொம்ப எரிச்சல் யாருக்குன்னு கேட்டேன். தம்பி வாயைத் தெறக்கல. ஒன் சம்சாரந்தான் தெறந்தாங்க."

"காளியா? என்ன சொன்னா?"

"'எங்க வீட்டுக்காரருக்குப் பொறாமை ஜாஸ்தி மேடம், ஆனா கொலை பண்ற ஆளு இல்ல'ன்னாங்க. என்கிட்ட சண்டையே போட்டாங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே போன்ல நீ ஏறாதேன்னு கத்தினப்போ, 'அது பொறாமை'ன்னாங்க. நீ ஜீப்பைக் குறுக்கப் போட்டப்பவும் 'அது பொறாமை'ன்னாங்க. கடைசியா, 'சாவியைக் குடுத்துப் பார்ப்போம், நிச்சயம் ஓட்டுவாரு'ன்னு சத்தியம் பண்ணினாங்க." பொற்கொடி கதவைத் திறந்தார். "ஒரு வளைவு ஓட்டியிருந்தேன்னா நான் வேற ஆளைத் தேடிப் போயிருப்பேன்."

ஓட்டியிருந்தால் தப்பித்திருப்பான்! நல்ல பிரேக். புது ஹோஸ். சொந்த வண்டி. பக்கத்தில் பெண்டாட்டி.

"காளி..." அவள் கையைப் பிடிக்கப் போனான். "ஒன் உசுருக்குப் பயந்துதான்டி நான் சொன்னேன். ஒன்னை வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியல..."

காளீஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"என் உசுருக்குப் பயந்தீங்க. சரி. மச்சான் உசுரு என்ன மாமா, சும்மா கெடச்சதா? அவருக்குப் பொண்டாட்டி இல்லையா? புள்ளை இல்லையா?"

சின்ராசு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே விஜயகுமார் நின்றுகொண்டிருந்தான். ஜீப்பிலிருந்து எடுத்த வளைந்த கத்தி அவன் கைக்குட்டையில் இருந்தது. நுனியில் கறுப்பாக ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது.

"கேட்டிருந்தா நானே பழக்கி விட்டிருப்பேனேண்ணே," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

இப்போதும் அதே பாவமான பார்வை. இந்தத் தடவை சின்ராசுவுக்கு எரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பொற்கொடி வாக்கி டாக்கியில் ஸ்டேஷனோடு பேசினார். திரும்பினார். "ஸ்டேஷன் ஜீப்புல டீசல் இல்லையாம். பில்லு பாஸாகலயாம். இவனைக் கீழ கொண்டுபோகணுமே..."

காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்கினாள். சுற்றி வந்து டிரைவர் கதவைத் திறந்தாள்.

"தள்ளுங்க மாமா. பின்னாடி போய் மேடம் பக்கத்துல ஒக்காருங்க."

"காளி, நீயா ஓட்டப் போறே?"

"லைசென்ஸ் இருக்கு. வண்டி என் பேர்ல இருக்கு. வேற யாரு ஓட்டுவா?"

உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். விஜயகுமார் ஜீப்பில் ஏற, கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. முதல் கொண்டை ஊசி வந்தது. காளீஸ்வரி காலை லேசாக எடுத்தாள். வண்டி தானாகத் தணிந்து, வளைந்து, இறங்கியது. திரையில் பேட்டரிக் கோடு ஒன்று கூடியது.

அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

பின் சீட்டில், கையில் விலங்கோடு சின்ராசு அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். இந்த வண்டி இத்தனை சுகமாக இருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மொத சவாரியே போலீஸ் சவாரியாப் போச்சேம்மா," என்றார் பொற்கொடி. "பில்லு போட்டுக் குடுத்துரு, வாங்கித் தர்றேன். அப் அண்டு டவுன்னு போட்டுக்கிறியா?"

காளீஸ்வரி கண்ணாடியில் புருஷனை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒன்வேன்னே போடுங்க மேடம்... அவரு திரும்பி வர்ற வரைக்கும் நின்னேன்னா, வெயிட்டிங் சார்ஜ் குடுத்தே ஒங்க டிபார்ட்மென்ட் திவாலாயிரும்!"